மலைவாசஸ்தலம்: யார் வாசம், யார் ஸ்தலம்?

1

2025 மே மாதத் தொடக்கத்தில் நாங்கள் ஐந்து பேர் கோவையிலிருந்து ஒரு வாடகை வேனில் உதகைக்குப் புறப்பட்டோம். ஐந்து பேருமே ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு இயக்கத்தில் இருந்தவர்கள். இப்போது எழுத்து, மொழிபெயர்ப்பு, சங்க வேலை என்று ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடப்பவர்கள். ‘ரெண்டு நாளைக்கு அரசியல் பேசக் கூடாது’ என்பதுதான் பயணத்தின் ஒரே தீர்மானம். கல்லாறு சோதனைச்சாவடி வரைக்கும்தான் அது தாங்கியது.

அங்கே இ-பாஸ் கேட்டார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற வரம்பும் வந்தது. டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிகளுக்கு விலக்கு. எங்கள் வேன் கோவைப் பதிவு. ஆனால் வேனில் இருந்தவர்களில் ஒருவர் கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். பாஸ் எடுத்ததும் அவர்தான். பயண நோக்கம் என்ற இடத்தில் ‘சுற்றுலா’ என்று அவரே போட்டிருந்தார். “சொந்த ஊருக்குப் போறேன்னு போட அதுல எடம் இருந்திருக்கும், எனக்குத்தான் தோணல தோழர்” என்று சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

மலையின் வரலாற்றை யார் ‘இருந்தவர்’, யார் ‘வந்தவர்’ என்ற கணக்காகவே நாம் எழுதி வந்திருக்கிறோம். அந்தக் கணக்குப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அதைக் கேட்டுப் பார்க்கும் முயற்சி.

2

உதகை பற்றிய எந்தக் கைப்பிரதியைப் புரட்டினாலும் வரலாறு 1819இல் தொடங்கும். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார், ‘கண்டுபிடித்தார்’. 1820களின் தொடக்கத்தில் உதகையில் கல் பங்களா கட்டினார். 1823க்கும் 1825க்கும் இடையில் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். எல்லா வினைச்சொற்களுக்கும் அவரே எழுவாய். கல் சுமந்தவனும் கரை போட்டவனும் வாக்கியத்துக்குள்ளேயே வருவதில்லை.

ஆனால் சல்லிவனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1603இல், ஃபெனிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் மலபாரிலிருந்து இந்த மலைக்கு வந்து தோதவர்களையும் படகர்களையும் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அதற்கும் முன்னால் 1117ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு ஒன்று, ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோதவர்களை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டதாகப் பெருமை பேசுகிறது. இதை நாம் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். தோதவர் என்ற மக்கள் எழுத்துக்குள் நுழைவதே ‘பயந்தவர்கள்’ என்ற பெயரில்தான். கண்டுபிடிப்புக் கதையாடலுக்கு முன்னால் இருந்ததும் ஒரு வெற்றிக் கதையாடலே. ‘வெள்ளைக்காரன் வருவதற்கு முன் எல்லாம் நன்றாக இருந்தது’ என்ற நம்முடைய சுகமான கற்பனைக்கு இந்தக் கல்லில் இடமில்லை.

காலனியம் புதிதாகச் செய்தது வேறொன்று. மலையை ஒரு மருந்தாக மாற்றியது. சமவெளி என்றால் காய்ச்சல், காலரா, கூட்டம்; மலை என்றால் குளிர், சுத்தம், இங்கிலாந்து. நோயுற்ற வெள்ளைச் சிப்பாயின் உடம்பைத் தேற்றுவதற்கான இடமாகத்தான் உதகை முதலில் கட்டமைக்கப்பட்டது. பிறகு 1870 வாக்கில் சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராயிற்று. சென்னையில் வெயில் ஏறினால் அரசாங்கமே கோப்புகளோடு மலையேறும். கோப்பு தானாக ஏறுமா? மலைப்பாதை போடுவதற்கு முன்பு துரைமாரையும் துரைசானிமாரையும் நாற்காலியிலும் பல்லக்கிலும் வைத்துத் தூக்கிப்போன தோள்கள் உண்டு. 1830களின் தொடக்கத்தில், லஷிங்டன் கவர்னராக இருந்த காலத்தை ஒட்டிக் குன்னூர் மலைப்பாதை வெட்டப்பட்டது. குன்னூர் வரைக்கும் பல்சக்கர ரயில் வந்தது 1899இல். உதகையைத் தொட்டது 1908இல். இன்று அந்த ரயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியம். பாறையை உடைத்துப் பதினாறு குகைப்பாதை குடைந்தவர்களின் பேர் எந்தப் பாரம்பரியப் பட்டியலிலும் இல்லை.

இந்த இடத்தில் ‘காட்சிமுனை’ என்ற சொல்லை நாம் கட்டுடைத்துப் பார்க்கலாம். காட்சிமுனை என்பது உழைப்பு கண்ணில் படாத தூரத்தில் நின்று பார்ப்பதற்கென்று அமைத்த இடம். அங்கிருந்து பார்த்தால் தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளம். கம்பளத்துக்குள் குனிந்து நிற்கிறவள் தெரியமாட்டாள், தெரிந்தாலும் புள்ளியாகத்தான் தெரிவாள். தோதவர்களுக்கும் இதுதான் நடந்தது. ‘ரோமானியர் சாயல்’, ‘தொலைந்துபோன இஸ்ரவேலர்’ என்றெல்லாம் வெள்ளையர்கள் எழுதி அவர்களையும் காட்சியின் ஒரு பகுதியாக்கினார்கள். அவர்களுடைய எருமைகள் மேய்ந்த புல்வெளியோ பதிவேட்டில் ‘தரிசு’ ஆயிற்று. தரிசு என்று எழுதியாகிவிட்டால் எதையும் நடலாம். சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள். தோதவரின் நில உரிமைக்காகக் கும்பினியோடு மல்லுக்கட்டி எழுதியவரும் சல்லிவன்தான், உதகையில் விரிந்த நிலத்தைக் கைவசம் வைத்திருந்தவரும் சல்லிவன்தான். இதில் தனிமனித நல்லவன்-கெட்டவன் கணக்குப் பார்த்துப் பயனில்லை. இரண்டையும் ஒரே கையால் செய்ய இடம் கொடுத்த அதிகாரத்தைத்தான் பேச வேண்டும்.

3

மறுநாள் பைக்காரா வழியாகக் கூடலூருக்கு இறங்கினோம். வழியில் நடுவட்டம். 1860களில் இங்கே சிங்கோனா பயிரிட்டார்கள். அந்த மரப்பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கான கொய்னா. காய்ச்சலுக்குப் பயந்து மலைக்கு ஓடிவந்த ஆட்சி, காய்ச்சல் பூமிகளுக்குள் படையனுப்ப வேண்டிய மருந்தையும் இங்கேயே விளைவித்தது. வேலைக்கு, மலாய்க் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டிருந்த சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். தண்டனை முடிந்து இங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு காய்கறி போட்டு வாழ்ந்தவர்களும் உண்டு. அவர்களை அடைத்து வைத்த கட்டடத்தை இப்போது சுற்றிப் பார்க்கலாம். சிறையும் ஒரு ‘ஸ்பாட்’ ஆகிவிட்டது.

ஊசிமலைக் காட்சிமுனையில் வேன் நின்றது. நாங்கள் நான்கு பேர் இறங்கினோம். கூடலூர்த் தோழர் இறங்கவில்லை. “வாங்களேன், பத்து நிமிஷம்” என்று கூப்பிட்டேன். “நீங்க பாத்துட்டு வாங்க. கீழ தெரியுற எடத்துலதான் நான் வெறகு பொறுக்கிட்டுக் கெடந்தேன். அதை மேல நின்னு பாக்க என்னமோ மாதிரி இருக்கு” என்றார். நாங்கள் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மதியம் அவருடைய அம்மா வீட்டில் சாப்பாடு. அவர் வேலை பார்த்த தோட்டத்தின் பேர் இங்கே வேண்டாம். பிறந்தது கண்டிப் பக்கம். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை அப்போதைக்கு ஒத்திவைத்து 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா பத்துப் பதினோரு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தவர்.

“எந்த ஊருன்னு கேட்டா நான் என்னத்த தம்பி சொல்ல? அங்க இருந்தப்ப இந்தியாக்காரவுங்க. இங்க வந்தா சிலோன்காரவுங்க” என்றார். பிரட்டுக்களம், கங்காணி, பேர் போடுவது, கொழுந்து நிறுவை என்று கடல் தாண்டி வந்த சொற்களிலேயே அவர் பேச்சு ஓடியது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். உதகைக்கு நான்கைந்து தடவை போயிருக்கிறார், எல்லாம் ஆஸ்பத்திரிக்கு. பூங்காவைப் பார்த்ததில்லை.

சாப்பிட்டு முடித்துக் கிளம்புகிற நேரத்தில் அவராகவே ஒன்று சொன்னார். “நாங்க வந்தப்ப இது பூராக் காடு தம்பி. இந்தாண்ட பணியர் குடிசை நாலஞ்சு இருந்துச்சு. அவுங்க சாமி கும்புடுற மரம் ஒண்ணு. செடி நடணும், வெட்டுன்னாங்க. இவுங்க அப்பாவும் இன்னும் ரெண்டு பேரும்தான் வெட்டுனது. அந்தப் பொம்பளைக ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருந்தாளுக, ஒண்ணும் பேசல.” கொஞ்சம் பொறுத்து, “எங்களையும் அங்க அப்படித்தான் கெளப்புனாங்க. அது அன்னிக்கு எனக்குத் தோணல” என்றார்.

மகனுக்கே அது புதுச் செய்தி.

4

இந்த ஒரு பேச்சுக்கு முன்னால் நம்முடைய வழக்கமான சூத்திரங்கள் திணறிப்போகின்றன. நாடு கடத்தப்பட்டவரைக் கொண்டு காட்டை அழித்து, அந்தக் காட்டில் இருந்தவரை விளிம்புக்குத் தள்ளுவது: இதில் ‘ஒடுக்கப்பட்டவர்’ யார் என்று ஒற்றை விரல் நீட்ட முடியாது. தாயகம் திரும்பியோர் மறுவாழ்வுக்காக 1968இல் தமிழக அரசு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியபோது பொறுப்பு வனத்துறையிடம் இருந்தது. பின்னர் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், டேன்டீ, ஆனது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டது, மறுக்க முடியாது. ஆனால் நிலம் அவர்களுக்கு வரவில்லை. வேலை இருக்கும் வரை லயம், வேலை முடிந்தால் கேள்விக்குறி. 2022இல் நட்டத்தைக் காரணம் காட்டித் தோட்ட நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தருவது என்று அரசு முடிவெடுத்தபோது, ஓய்வுபெற்றவர்கள் எங்கே போவது என்ற கேள்வி தெருவுக்கு வந்தது. காடு தோட்டமாகி, தோட்டம் மறுபடி காடாகிறது. ஏட்டில் இந்த மாற்றம் எளிது. நடுவில் இரண்டு தலைமுறை மனிதர்கள் இருக்கிறார்கள்.

சுற்றுச்சூழல் பேசக் கூடாது என்பதல்ல என் வாதம். பிளாஸ்டிக் குப்பையையும் வண்டிப் புகையையும் இந்த மலை தாங்காது, வரம்பு வேண்டியதுதான். நாங்கள் போன வேனும் அந்தப் பாரத்தில் ஒரு பங்கு. ஆனால் ‘மலையைக் காப்பாற்றுவோம்’ என்ற சொல்லாடலில் மலை என்பது மறுபடியும் ஆளில்லாத காட்சியாகவே வந்து நிற்கிறது. சல்லிவன் காலத்துக் கண்ணாடியை நாம் இன்னும் கழற்றவில்லை. சக்கரங்களை எண்ணத் தெரிந்த அரசு, இங்கே ஒரு பட்டா இல்லாமல் ஐம்பது வருஷம் வேலை செய்தவர்களை எண்ணும்போது மட்டும் ‘வந்தவர்கள்’ என்கிறது. பணியரையும் காட்டுநாயக்கரையும் குறும்பரையும் எண்ணும்போது ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல் முன்னால் வருகிறது. 2006 வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் அவர்கள் தங்கள் காட்டுக்குத் தாங்களே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியது என்ன? மலையின் வரலாற்றைப் பங்களாவிலிருந்து தொடங்காமல் பாதையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். யார் வெட்டினார்கள், யார் சுமந்தார்கள், எந்த மரம் சாய்ந்தது, அதை ஓரமாக நின்று பார்த்தது யார். இதற்கு ஆவணக்காப்பகம் மட்டும் போதாது. அந்த அம்மா போன்றவர்கள் அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். கப்பலேறியதைச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். மரம் வெட்டியதைச் சொல்லக் கூடியவர்கள் குறைவு. கேட்டால்தான் சொல்வார்கள், சில நேரம் கேட்காவிட்டாலும். பாதிக்கப்பட்டவரின் வரலாற்றை அவருடைய குற்றவுணர்ச்சியோடு சேர்த்து எழுதத் துணிந்தால்தான், அந்தப் பணியப் பெண்களின் மௌனத்துக்கும் அதில் ஒரு இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் நாமும் பச்சைக் கம்பளத்தைச் சிவப்பு நிறத்தில் வரைந்துவிட்டு வருவோம், அவ்வளவுதான்.

திரும்பும்போது கோத்தகிரி வழி. யாரும் அதிகம் பேசவில்லை. மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நின்றோம். “அம்மா சொன்னதை எழுதப் போறீங்களா தோழர்?” என்று கேட்டார் அவர். “எழுதலாமா?” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “எழுதுங்க. மரத்தை விட்டுடாதீங்க” என்றார்.