கசபா, பேட்டை, பாளையம்: புணேயைச் சூழ்ந்த சிறுநகர்களும் அவற்றைக் குறிக்கும் சொற்களும்

பெருநகர் ஒன்றன் வரலாற்றை எழுதுவோர், அதன் அருகிலுள்ள சிறுநகர்களை அப்பெருநகரின் பிற்சேர்க்கைகளாகவே கருதி எழுதுவது பெருவழக்காக உள்ளது. முதலில் நகரம், பின்னர் அதன் விரிவு, அவ்விரிவில் அகப்பட்ட ஊர்கள் என்னும் வரிசை இயல்பானதாகத் தோன்றுகிறது. மகாராட்டிரத்தின் புணேயை எடுத்துக்கொண்டால் இவ்வரிசை பொருந்துவதாயில்லை. அங்குச் சிறுநகர்களுள் பல, புணே தலைமைநகராக எழுவதற்கு முன்பே தமக்கெனப் புகழும் சந்தையும் வழிபாடும் உடையனவாக இருந்தன. அவ்வூர்களில் வாழ்ந்தோர் பெற்ற நன்மை யாது என்பதற்கான சான்று, ஆவணங்களில் உள்ள அளவிற்கு அவற்றைக் குறிக்கும் சொற்களிலும் உள்ளது. இக்கட்டுரை அச்சொற்களின் வழியே அவ்வரலாற்றைக் காண முற்படுகிறது. மராத்தியிலிருந்து தமிழாக்கம் செய்வோர் இவ்வூர்களையெல்லாம் 'புறநகர்' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்துவிடுவதால் நேரும் இழப்பும் இங்குக் கருதப்படுகிறது. (மராத்தியில் இந்நகர்ப் பெயர் ணகரம் பெற்றே வழங்குகிறது. தமிழ் ஏடுகளில் புனே என்பதே மிகுதி. ஆங்கிலேயர் காலத்துப் பூனா இன்று அருகிவிட்டது.)

கசபாவும் பேட்டையும்

புணேயின் மிகப் பழைய பகுதிக்குக் கசபா பேட் என்று பெயர். கசபா என்பது அரபுச் சொல். தக்காணத்து வருவாய் ஆட்சியில் அது ஒரு பர்கணாவின் தலைமையூரை, அதாவது சந்தையும் வரித்தண்டலும் அமைந்த சிறுநகரைக் குறித்தது. இன்றைய பெருநகரின் நடுப்பகுதி 'சிறுநகர்' என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பது கருதத்தக்கது. புணேயும் ஒருகாலத்தில் ஒரு கசபாவாகவே இருந்தது. பீஜப்பூர்ப் படையால் 1630ஐ ஒட்டி அழிக்கப்பட்ட அவ்வூரைச் சீர்செய்து மீண்டும் குடியேற்றியவர்கள் ஜீஜாபாயும் தாதோஜி கொண்டதேவும் ஆவர். ஒரு நூற்றாண்டு கழித்து, முதலாம் பாஜிராவ் 1730இல் சனிவார் வாடாவைக் கட்டத் தொடங்கிய பின்னரே அது பேஷ்வாக்களின் இருப்பிடமாக உயர்ந்தது. அப்போதும் சத்ரபதியின் முறையான தலைநகர் சாத்தாராவே.

கசபாவைச் சுற்றிப் பேட்டைகள் எழுந்தன. புதிய பேட்டையில் குடியேறும் வணிகர்க்கு வரிச்சலுகை தருவதும், பேட்டைக்கு ஷேட்டே எனப்படும் தலைவரை அமர்த்துவதும் அக்கால முறை. பல பேட்டைகள் கிழமைப் பெயர்களைப் பெற்றன: சனிவார், ரவிவார், சோமவார், மங்களவார் என. மராத்திப் பேட், கன்னடப் பேட்டெ, தெலுங்குப் பேட்ட, தமிழ்ப் பேட்டை ஆகியவற்றின் உறவு வெளிப்படை. வணிகர் கூடும் இடம், நகரையொட்டிய குடியிருப்பு என்னும் பொருள் இவற்றில் பொதுவாக உள்ளது. ஈரோட்டை அடுத்துக் கஸ்பாபேட்டை என்றோர் ஊர் இருப்பதைத் தமிழ்வாசகர் அறிவர். புணேயின் கசபா பேட்டும் இக்கஸ்பாபேட்டையும் சொல்லுக்குச் சொல் ஒன்றே. ஆகவே 'கசபா பேட்' என்பதைப் 'பழைய நகர்ப்பகுதி' எனப் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர், தமிழிலேயே இருக்கும் சொல்லைக் கைவிட்டு விளக்கம் ஒன்றைத் தேடிக்கொள்கிறார்.

புணேக்கு வெளியே இருந்த ஊர்கள் இதே வாழ்வை வாழ்ந்தன. தளேகாவ், தாபாடே குடும்பத்தின் இருப்பிடம். இன்றும் அது தளேகாவ் தாபாடே என்றே வழங்கும். சேனாபதிப் பட்டம் பெற்ற அக்குடும்பம் பேஷ்வாவோடு பிணங்கியது. திரியம்பகராவ் தாபாடே 1731இல் தபோய்ப் போரில் பேஷ்வாவின் படையை எதிர்த்து மாண்டார். புணேக்கு ஒரு நாள் நடைத்தொலைவில், புணேயின் அதிகாரத்துக்கு மாறுபட்ட ஓர் அரசியல் இல்லம் நிலைபெற்றிருந்தது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளவேண்டியது. சிஞ்ச்வடு, மோரயா கோசாவியின் சமாதியால் சிறப்புற்றது. ஆளந்தியில் ஞானேசுவரர் 1296இல் சமாதியுற்றார். தேஹு, பதினேழாம் நூற்றாண்டின் துக்காராமுக்கு ஊர். (முசிரி சுப்பிரமணிய ஐயர் நடித்த 1938ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வழியாகவும் துக்காராம் தமிழகத்தில் அறிமுகமானவர்.) மராத்தி இலக்கியத்தின் பெருமக்கள் இருவரின் நினைவிடங்கள் இச்சிறுநகர்களில் உள்ளன. இவ்விருவரும் புணே தலைமைபெறுவதற்கு முற்பட்டவர்கள். பிற்காலத்தில் மராத்தியின் செம்மை வழக்குப் புணேக் கற்றோரின் பேச்சை அளவுகோலாகக் கொண்டபோது, சிறுநகர்ப் பேச்சு 'கிராமியம்' எனத் தள்ளப்பட்டது. தேஹுவின் மொழியைப் போற்றிக்கொண்டே தேஹுவாரின் பேச்சைத் திருத்த முனையும் இம்முரண் எல்லா மொழிகளிலும் காணப்படுவதே, தமிழும் விலக்கன்று.

ஊர்ப்பெயர் அடைகள்

புணேயைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களில் புத்ருக், குர்த் என்னும் அடைகள் மிகுதி. ஆம்பேகாவ் புத்ருக், ஆம்பேகாவ் குர்த். கோண்ட்வா புத்ருக், கோண்ட்வா குர்த். இவை பாரசீகத்தின் புசுர்க் (பெரிய), குர்த் (சிறிய) என்பவற்றின் திரிபுகள். பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் என நாம் வழங்குவதை ஒத்தவை. மற்றொரு வகை, ஆறாம் வேற்றுமை அடை: ஆளந்தி தேவாச்சி, 'தேவனுடைய ஆளந்தி', ஆளந்தி ம்ஹாதோபாச்சி, 'ம்ஹாதோபாவின் ஆளந்தி'. உருளி காஞ்சன் ஓரூர், உருளி தேவாச்சி மற்றோரூர். இவ்வடைகள் எல்லாம் ஊரை அதன் இணையூரிலிருந்து வேறுபடுத்துகின்றன. ஒன்றேனும் 'புணேயை அடுத்த' எனப் பொருள்படவில்லை. பெயரிட்டோர் பார்வையில் அவ்வூர்கள் ஒன்றையொன்று நோக்கி நின்றனவேயன்றிப் பெருநகரை நோக்கி நிற்கவில்லை என்று கொள்ளலாம்.

படைவீடும் இருப்புப்பாதையும்

1817 நவம்பர் 5 அன்று கட்கியில் நடந்த போரில் பேஷ்வாவின் படை தோற்றது. அதன்பின் ஆங்கிலேயர் புணே நகருக்குள் குடிபுகவில்லை. கிழக்கே புணேப் பாளையத்தையும் வடக்கே கட்கிப் பாளையத்தையும் அமைத்துக்கொண்டனர். புணேப் பாளையத்தை மராத்தியர் 'லஷ்கர்' என்பர். இதற்கிணையாகப் பாளையம், பாடி, பாசறை எனத் தமிழில் பல சொற்கள் உண்டு. பெங்களூரின் படைவீட்டுப் பகுதியை அந்நகர்த் தமிழர் தண்டு என்றே வழங்கினர். கட்கியில் 1869இல் வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. நம் நாட்டு அரவங்காட்டையும் ஆவடியையும் அறிந்தோர்க்கு, படைத்தொழில் ஒன்று ஓர் ஊரை எவ்வாறு ஆக்குகிறது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இதனினும் பெரிய மாற்றம் இருப்புப்பாதையால் நேர்ந்தது. கண்டாலாவுக்கும் புணேக்கும் இடையே 1858இல் வண்டி ஓடத் தொடங்கியது. போர் கணவாய்ப் பாதை 1863இல்தான் முடிந்தது. அதுவரை பம்பாயிலிருந்து வருவோர் மலையடிவாரத்தில் இறங்கிப் பல்லக்கிலோ மட்டக்குதிரையிலோ மேலேறிக் கண்டாலாவில் மீண்டும் வண்டியேறினர். கட்கி, சிஞ்ச்வடு, தளேகாவ், லோணாவளா ஆகியவை ஒரே கோட்டில் கோக்கப்பட்டன. புணேயில் 1897இல் கொள்ளைநோய் பரவியபோது மக்கள் பெருந்தொகையாக நகரைவிட்டு வெளியேறினர். அருகூர் என்பது அப்போது உயிர்காக்கும் பொருளாயிற்று. தளேகாவில் 1908இல் பைசா நிதிக் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. ஆளுக்கு ஒரு பைசாவாகத் தண்டிய பணத்தில் சுதேசித் தொழில் வளர்க்கும் முயற்சி அது. லோணாவளாவில் 1924இல் சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமத்தை நிறுவினார். புணே–லோணாவளா உள்ளூர் வண்டிகள் 1978இல் ஓடத்தொடங்கிய பின், காலையில் நகருக்குச் சென்று மாலையில் ஊர் மீள்வது ஒரு வாழ்க்கை முறையாகவே நிலைபெற்றது.

இக்கோட்டிலுள்ள தேஹு ரோடு தனியே நோக்கத்தக்கது. துக்காராமின் தேஹு, நிலையத்திலிருந்து சில கல் தொலைவில் உள்ளது. நிலையத்திலிருந்து சாலைவழியே அடையவேண்டிய ஊரின் பெயரோடு 'ரோடு' சேர்ப்பது இருப்புப்பாதைத் துறையின் மரபு. நம் கொடைக்கானல் ரோடு அத்தகையதே. எனவே 'தேஹு சாலை' என்று மொழிபெயர்ப்பது பிழை. அது சாலையின் பெயராக நில்லாமல் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தையொட்டிப் படைக்கலக் கிடங்கு அமைந்ததால் பலமொழித் தொழிலாளர் அங்குக் குடியேறினர். 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் தேஹு ரோட்டில் புத்தர் சிலையை நிறுவினார். நாகபுரியில் அவர் பௌத்தம் தழுவியது அதற்கு ஏறத்தாழ இரண்டாண்டுகள் பின்னர், 1956 அக்டோபர் 14இல். பெருநகரின் நடுவில் அன்றி, கிடங்குத் தொழிலாளர் வாழ்ந்த ஒரு சிற்றூரில் அச்சிலை அமைந்தது என்பதை வரலாற்று நூல்கள் போதிய அளவு கருதியதாகத் தெரியவில்லை.

புணேத் தமிழர் குடியிருப்புகளைக் கூறும்போது பாளையம், கட்கி, தேஹு ரோடு ஆகிய பெயர்கள் சேர்ந்தே வருகின்றன. நகருக்குள் ராஸ்தா பேட்டையிலும் தமிழர் உண்டு. எனினும் படைவீட்டு ஊர்களின் நிலை வேறு. படையோடும் தொழிற்சாலையோடும் கிடங்கோடும் வந்தவர்கள் அங்கு அடுத்தடுத்த வரிசைகளில் குடியிருந்தனர். வேலையிடத்துத் தோழரே தெருவில் அண்டை வீட்டார். கோயிலும் கடைவீதியும் நடைத்தொலைவில். தமிழ், மராத்தி, தெலுங்கு, இந்தி ஆகியவை ஒரே தெருவில் வழங்கும் இத்தகைய இடத்தில், தாய்மொழி வீட்டுக்குள் ஒடுங்காமல் தெருமொழியாகவும் நீடிக்க வாய்ப்புண்டு. பெருநகரில் பரந்து வாழும் சிறு மொழிக்குழுவுக்கு இவ்வாய்ப்பு அரிது. தொலைவான சிற்றூரிலோ அக்குழுவுக்குப் பிழைப்பில்லை. நகரின் கூலியும் கல்வியும் எட்டும் தொலைவில் இருக்க, மொழி தன் தெருவில் இருப்பது என்பதே பெருநகரை அடுத்த சிறுநகர் தந்த தனிநன்மை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. மொழி நிலைபேறு பற்றிய களஆய்வுகள் பெருநகர்க் குடியிருப்புகளையே மிகுதியும் நாடுவதால் இவ்வேறுபாடு கண்ணிற் படுவதில்லை. தக்காணக் கல்லூரியின் கோடைக்கால மொழியியற் பள்ளிகள் 1950களில் தொடங்கியபோது, மாணவர் தங்கிப் படித்த எரவாடாவிலிருந்து கட்கி அணித்தே இருந்தது என்பதையும் இங்கு நினைக்கத் தோன்றுகிறது. அக்கல்லூரியே 1868இல் நகரின் நெரிசலை விட்டு எரவாடாவுக்குப் பெயர்ந்ததாகும்.

'புறநகர்' என்னும் பெயர்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் புறஞ்சேரி வருகிறது. கோவலன் கண்ணகியோடும் கவுந்தியடிகளோடும் அங்குத் தங்கி, தான் மட்டும் மதுரையைக் கண்டு மீள்கிறான். அது அறவோர் வாழும் இடம். பிறர் நெடிது தங்கத் தக்கதன்று. ஆகவே மாதரியிடம் கண்ணகி அடைக்கலமாக்கப்படுகிறாள். நகரத்துக்குப் புறத்தே இருப்பினும் அவ்விடத்துக்கு இன்னார் வாழ்வது என்னும் தன்மையுண்டு. இன்றைய 'புறநகர்' என்னும் சொல்லில் அத்தன்மை இல்லை. நகரின் வெளிப்பக்கம் என்பதே அதன் முழுப்பொருள். மராத்தியில் அதற்கீடான 'உபநகர்', சார்ந்த நகர் என்னும் பொருளது. தமிழ்ச்சொல் இடத்தால் வெளியேற்றுகிறது. மராத்திச்சொல் தகுதியால் தாழ்த்துகிறது.

இப்பெயர்கள் ஆட்சிச் செயல்களாகவும் ஆயின. பிம்ப்ரி, சிஞ்ச்வடு, ஆக்குர்டி, போசரி ஆகியவை 1970இல் ஒரு நகராட்சியாக இணைக்கப்பட்டன. 1982இல் அது மாநகராட்சியாயிற்று. பிம்ப்ரியில் 1954இல் இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் அமைந்ததும், பிரிவினைக்குப்பின் சிந்தி மக்கள் குடியேறியதும் அவ்வளர்ச்சியின் தொடக்கம். கோசாவியின் சிஞ்ச்வடு இன்று ஒரு மாநகராட்சிப் பெயரின் பின்பாதி. புணே மாநகராட்சி 2017இல் பதினோர் ஊர்களையும் 2021இல் இருபத்துமூன்று ஊர்களையும் சேர்த்துக்கொண்டது. படைவீட்டு ஊர்களின் குடிமக்கள் பகுதிகளை அடுத்துள்ள உள்ளாட்சிகளோடு இணைக்கும் முயற்சியை ஒன்றிய அரசு 2023இல் தொடங்கியது. இமாச்சலப் பிரதேசத்தின் யோல் அதில் முதலாவது.

ஊர் இணைந்தபின் சாலையும் குடிநீரும் வரும் என்பது எதிர்பார்ப்பு. வரி முதலில் வருவது அனுபவம். 2017இல் சேர்க்கப்பட்ட பதினொன்றில் ஆம்பேகாவ் புத்ருக்கும் ஆம்பேகாவ் குர்தும் உள்ளன. அவை ஒரே மாநகராட்சிக்குள்ளும் அதே அடைகளோடு வழங்குகின்றன. அப்பதினொன்றில் இருந்த புர்சுங்கியும் உருளி தேவாச்சியும் மாநகராட்சியிலிருந்து விலக்கப்பட்டு, 2024இல் தனி நகராட்சி ஆயின. அந்நகராட்சியைப் பற்றிய மராத்திச் செய்தி ஒன்றைத் தமிழாக்க நேர்ந்தால், உருளி தேவாச்சியைப் 'புணேயின் புறநகர்' என எழுதுவதா, 'புணேயை அடுத்த பேட்டை' என எழுதுவதா, அன்றிக் கசபா என்னும் பழஞ்சொல்லை மீட்பதா என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவுசெய்தாக வேண்டும். முதலாவது சொல்லை அவ்வூரார் ஏற்கமாட்டார்கள் என்பது மட்டும் தெளிவு.