ஒரு கேலன் பெட்ரோலில் எத்தனை தூரம்?



எங்கள் தோட்டத்தில் நண்பர் ஒருவர் இருக்கிறார். பால்வெட்டுத் தொழிலாளி. பழைய புரோட்டோன் சாகா கார் ஒன்று வைத்திருக்கிறார். பிள்ளைகளைப் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குக் கொண்டு போய் விடுவதும், சம்பளம் போட்டதும் சாமான் வாங்கி வருவதும், நடுச்சாமத்தில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அந்தக் கார்தான்.

ஒருநாள் இரவுச் சந்தையில் ஒரு வியாபாரி அவரைப் பிடித்துக்கொண்டார். கையில் சிறிய காந்தக் கருவி. "இதை எண்ணெய்க் குழாயில் மாட்டிவிடுங்கள், பாதி எண்ணெய் மிச்சம்" என்றார். விலை 180 வெள்ளி. பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கும் காலணிக்கும் ஒதுக்கி வைத்திருந்த பணம் அது. நண்பர் வாங்கிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எண்ணெய் நிரப்பிய ரசீதுகளையும், கார் ஓடிய தூரத்தைக் குறித்து வைத்த நாட்காட்டித் தாள்களையும் மேசை மேல் வைத்தார். "வாத்தியாரே, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றார். கணக்குப் போட்டோம். கருவி மாட்டுவதற்கு முன் லிட்டருக்கு 11 கிலோமீட்டர். மாட்டிய பின்பும் அதே 11 கிலோமீட்டர். நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் பழைய காரில் எண்ணெயை மிச்சம் பிடிக்கவே வழியில்லையா?" என்று கேட்டார்.

வழி உண்டு. ஆனால் அது எந்த வழி என்பதை அறிந்துகொள்ள, ஒரு பந்தயத்தின் வரலாற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1939ஆம் ஆண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வுட் ரிவர் என்னும் சிற்றூர். அங்கே ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கு வேலை செய்த விஞ்ஞானிகள் தங்களுக்குள் விளையாட்டாக ஒரு பந்தயம் கட்டினார்கள். அவரவர் சொந்தக் காரில், ஒரே ஒரு கேலன் பெட்ரோலில், யார் அதிக தூரம் ஓட்டுவது? இதுதான் பந்தயம். வென்றவர் ஏறக்குறைய 50 மைல் ஓட்டினார். அமெரிக்கக் கேலன் என்பது சுமார் 3.8 லிட்டர். நம் கணக்குப்படி லிட்டருக்கு 21 கிலோமீட்டர்.

விளையாட்டாகத் தொடங்கிய பந்தயம் அத்தோடு நின்றுவிடவில்லை. 1949இல், 1947ஆம் ஆண்டு மாடல் ஸ்டூடபேக்கர் கார் ஒன்றை மாற்றியமைத்து ஒரு கேலனுக்கு ஏறக்குறைய 150 மைல் ஓட்டினார்கள். 1968இல், 1959ஆம் ஆண்டு மாடல் பியட் 600 கார் 244 மைல் ஓடியது. 1973இல், அதே 1959ஆம் ஆண்டு மாடல் ஓப்பல் கார் ஒன்று 376 மைலுக்கு மேல் ஓடியது. அதாவது லிட்டருக்கு 160 கிலோமீட்டர்! அந்த ஓப்பல் காருக்கு அப்போது 14 வயது.

நேயர்களே, இதைக் கேட்டதும், "அந்த விஞ்ஞானிகளிடம் ஏதோ மாயக் கருவி இருந்திருக்க வேண்டும்" என்று நமக்குத் தோன்றலாம். அப்படி எதுவும் இல்லை. அவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: ஊற்றுகிற எண்ணெய் எங்கே போகிறது?

நாமும் அதைக் கேட்டுப் பார்ப்போம். சாதாரணக் காரில் ஊற்றும் எண்ணெயின் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மிச்சமெல்லாம் புகைக்குழாய் வழியாகவும், ரேடியேட்டர் வழியாகவும் சூடாக வெளியேறுகிறது. எந்திரத்தின் உறுப்புகள் ஒன்றோடொன்று உராய்வதிலும் ஒரு பங்கு போகிறது. சக்கரத்துக்கு வந்து சேர்ந்த அந்தச் சிறு பங்குக்கும் பங்காளிகள் மூன்று பேர். முன்னால் நின்று தடுக்கும் காற்று ஒருவர். தரையில் நசுங்கி உருளும் டயர் ஒருவர். நாம் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம், ஓடி வந்த வேகத்தை வெறும் சூடாக்கி வீணாக்கும் பிரேக் இன்னொருவர்.

வுட் ரிவர்க்காரர்கள் இந்த வீண்செலவுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். அந்த ஓப்பல் காரின் மேற்கூரையை வெட்டித் தாழ்த்தினார்கள். பின் சக்கரங்களை ஒன்றுக்கொன்று நெருக்கமாக அமைத்தார்கள். சைக்கிளில் இருப்பதுபோல் சங்கிலி வழியாகச் சக்கரத்தைச் சுழல வைத்தார்கள். எளிதில் நசுங்காத கடினமான டயர்களை மாட்டினார்கள். வேண்டாத பாரத்தையெல்லாம் கழற்றிப் போட்டார்கள். பிறகு மிக மெதுவாக ஓட்டினார்கள். பெரிய வெற்றி என்பது பல சிறிய சிக்கனங்களின் கூட்டுத்தொகையே.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போக முடியாது. அது பந்தயத்துக்கென்றே ஆன வண்டி. இத்தகைய பந்தயங்களில் எந்திரத்தைச் சற்று நேரம் ஓடவிட்டு, பிறகு நிறுத்திவிட்டு, வண்டியை உருள விடுவதும் உண்டு. இறக்கத்தில் எந்திரத்தை நிறுத்திவிட்டு உருண்டு போகும் வழக்கம் நம்மவர் சிலரிடமும் இருக்கிறது. அது பெரும் ஆபத்து. எந்திரம் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைச்சக்தி குறைந்து, மிதி கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும். நாலு காசு எண்ணெய்க்காக உயிரைப் பணயம் வைப்பது சிக்கனம் ஆகாது.

மாயக் கருவிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1930களில் கனடாவின் வின்னிபெக் நகரத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் போக் என்பவர் புதுவகைக் கார்ப்புரேட்டர் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு கேலனில் 200 மைல் ஓடும் என்று ஊரெல்லாம் பேச்சு. அது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. காரணம் எளிது. சாதாரண எந்திரத்திலேயே பெட்ரோல் ஏறக்குறைய முழுவதும் எரிந்துவிடுகிறது. எரியாமல் போவது மிகச் சொற்பம். இல்லாத மிச்சத்தை எந்தக் கருவி எடுத்துத் தரும்? பின்னாளில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இத்தகைய கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்துப் பார்த்தது. மிகச் சிலவே பயன் தந்தன; அதுவும் சிறிதளவே.

ஓப்பல் கார் சாதனை படைத்த அதே 1973ஆம் ஆண்டில்தான் உலகத்தையே உலுக்கிய சம்பவமும் நடந்தது. அக்டோபர் மாதம் மத்திய கிழக்கில் போர் மூண்டது. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன. பீப்பாய் ஒன்று ஏறக்குறைய 3 டாலராக இருந்த எண்ணெய், சில மாதங்களிலேயே 11 டாலரைத் தாண்டியது. எண்ணெய்க் கடைகளில் கார்கள் வரிசை பிடித்து நின்றன. 1974 ஜனவரியில் அமெரிக்க அரசு நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாக, அதாவது 88 கிலோமீட்டராகக் குறைக்கச் சட்டம் செய்தது. 1975 டிசம்பரில் இன்னொரு சட்டம் வந்தது. 1985ஆம் ஆண்டுக்குள் புதிய கார்கள் சராசரியாக ஒரு கேலனுக்கு 27.5 மைல் ஓட வேண்டும் என்றது அது. அதற்குப் பிறகு கார்கள் இளைத்தன. முகப்புகள் காற்றைக் கிழிக்கும்படி வளைந்தன. ஆராய்ச்சிக்கூடத்துப் பந்தயக்காரர்கள் கைக்கொண்ட அதே பாடத்தைத் தொழிற்சாலைகளும் படிக்க வேண்டி வந்தது.

இங்கே நம் கைத்தொழிலோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. பழைய வகை டயரில் நூலிழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். உருளும்போது அவை ஒன்றையொன்று தேய்த்துச் சூடேறும். அந்தச் சூடும் நாம் ஊற்றிய எண்ணெய்தான். பிரான்சு நாட்டு மிஷ்லின் நிறுவனம் 1946இல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. இதில் இழைகள் நேராக ஓடும். தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுப் பட்டை இருக்கும். உருள்வதில் வீணாகும் சக்தி குறைவு. இத்தகைய டயருக்கு இயற்கை ரப்பர் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஏனெனில் மரத்துப் பாலிலிருந்து வரும் ரப்பர், மடங்கி நிமிரும்போது அதிகம் சூடேறுவதில்லை. நன்றாக ஒட்டிப் பிடிக்கவும் செய்யும். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவிய கைகளுக்கும் உலகத்தின் எண்ணெய்ச் சிக்கனத்தில் பங்கு உண்டு. இதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

சரி, நம் நண்பரின் கதைக்குத் திரும்புவோம். வுட் ரிவர் வழியை அவருடைய சாகாவுக்குப் பொருத்திப் பார்த்தோம். பின்பெட்டியைத் திறந்தால், பழைய இரும்பும் தட்டுமுட்டுச் சாமானும் நிறைந்து கிடந்தன. இறக்கினோம். கூரை மேல் எப்போதோ பொருத்திய சாமான் சட்டத்தைக் கழற்றினோம். டயர்களில் காற்று குறைந்திருந்தது. கதவோரம் ஒட்டியிருந்த அட்டவணைப்படி நிரப்பினோம். பட்டறைப் போர்மேன் காரைத் தூக்கி வைத்துச் சக்கரங்களைக் கையால் சுழற்றினார். ஒன்று சுழல மறுத்தது. பிரேக் பிடித்தபடியே இருந்திருக்கிறது. எந்திரம் சூடேறுகிறது என்று முன்பு யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அதனால் எந்திரம் உரிய சூட்டுக்கு வராமல் எண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தது. போர்மேன் புதியது ஒன்றைப் பொருத்தினார், பிளக்குகளையும் மாற்றினார். மொத்தச் செலவு அந்தக் காந்தத்தின் விலையைவிடக் குறைவு.

கடைசியாக வேகம். நெடுஞ்சாலையில் 110இல் போனவரை 90க்கு வரச் சொன்னோம். காற்றின் தடை வேகத்தின் இருமடி விகிதத்தில் ஏறும். 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் தடை, 110இல் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

இரண்டு மாதம் சென்று, மீண்டும் ரசீதுகளோடு வந்தார். லிட்டருக்கு 13 கிலோமீட்டர். மாதம் 800 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஏறத்தாழ 11 லிட்டர் மிச்சம். பாதி மிச்சம் என்ற ஆசை வார்த்தைக்கு முன் இது சிறியதுதான். ஆனால் இது கையில் நிற்கும் மிச்சம்.

நேயர்களே, யாராவது வந்து உங்களிடம் எண்ணெய் மிச்சம் பிடிக்கும் கருவி என்று விற்றால், ஒரு வேலை செய்யுங்கள். தொட்டி நிறைய எண்ணெய் ஊற்றி, மீட்டரைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை நிரம்ப ஊற்றும்போது, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். நாலைந்து முறை இப்படிப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளையே இந்தக் கணக்கைப் போட்டுவிடும். அந்தப் பிள்ளையிடமே கொடுங்கள். கணக்குக்கு முன்னால் பொய் நிற்காது.

வுட் ரிவரில் தொடங்கிய அந்தப் பந்தயம் பிற்காலத்தில் மாணவர்களின் போட்டியாக வளர்ந்தது. 2010இல் ஆசிய மாணவர்களுக்கான முதல் போட்டி நம் நாட்டில், சிப்பாங் பந்தயத் திடலில் நடந்தது. மாணவர்கள் தாங்களே செய்த வண்டிகளைக் கொண்டு வந்தார்கள். நண்பரின் மூத்த மகன் அந்தச் செய்தியைப் பள்ளியில் எங்களிடம் கேட்டறிந்துகொண்டான். இப்போது தகப்பனாரின் ரசீதுகளை நோட்டுப்புத்தகத்தில் ஒட்டிக் கணக்கு எழுதுகிறவன் அவன்தான். அந்த நோட்டின் முதல் பக்கத்தில், ஒன்றுக்கும் உதவாத அந்தக் காந்தத்தையும் ஒட்டி வைத்திருக்கிறான்.