ஜமீன்னா வெறும் மண்ணுதான்

ஜமீன்னு சொன்னதும் உங்களுக்கு அரண்மனையும் முறுக்கு மீசையும்தான் ஞாபகம் வரும். எல்லாம் சினிமா செஞ்ச வேலை. பாரசீக மொழியில ஜமீன் என்றால் மண், நிலம், பூமி. அவ்வளவுதான். ஈரானில் அரை ஏக்கர் கோதுமை போடுறவருக்கும் தன் வயல் ஜமீன்தான்.

ரொம்பப் பழைய சொல். ஜரதுஷ்டிரர் மறைநூலின் அவெஸ்தா மொழியில் 'ஜம்' என்றால் பூமி. ஆப்கானிஸ்தான் பக்கம் பேசுகிற பஷ்தூவில் 'ஜ்மக்கா', அதுவும் நிலம்தான். குர்து மொழியில் 'ஜெவி' என்றால் உழுகிற வயல். எல்லாம் ஒரே வேர்.

பின்னாடி ஒட்டியிருக்கிற 'தார்' பாரசீகத்தில் வைத்திருப்பவர். சமஸ்கிருத 'தர' இதுக்குப் பங்காளி. அந்தக் கணக்கில் நம்ம முரளிதரனும் தாசில்தாரும் வால் பக்கம் சொந்தக்காரங்க!

ஆக, ஜமீன்தார் என்றால் நிலம் வைத்திருப்பவர். முகலாயர் காலத்தில் வரி வசூலிக்கும் உரிமை உள்ளவருக்கு அந்தப் பெயர் நின்றது. வெள்ளைக்காரன் 1793ல் வங்காளத்திலும் 1802ல் மதராஸ் மாகாணத்திலும் நிரந்தர வரி ஏற்பாடு செய்து, அவரையே நிலச் சொந்தக்காரர் ஆக்கிவிட்டான். சேத்துல கால் வைக்காதவருக்கு மண்ணோட பெயர் போச்சு.

உழுதவனுக்கு? 'ரயத்து'. அரபியில் பிறந்து பாரசீகம் வழியா வந்த சொல். மூலத்தில் அதற்கு மேய்க்கப்படுகிற மந்தை என்று பொருள். பிறகு ஆளப்படுகிற குடிகள், கடைசியில் குடியானவன்.

1948ல் சட்டம் போட்டு நம்ம மாகாணத்தில் ஜமீனை ஒழிச்சாங்க. மந்தைச் சொல்லை யாரும் தொடலை. என் வயலோட அ-பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன்: 'ரயத்துவாரி'ன்னுதான் இருக்கு.