அன்னாசிக்குப் புகை போட்ட கதை

கொல்லிமலை போய்வந்தவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். எனக்கு அங்கே விற்கும் அன்னாசிதான் ஞாபகத்தில் நிற்கும். போன முறை பழம் வாங்கும்போது பக்கத்தில் நின்றவர், "இது தானா வந்ததா, மருந்து ஊத்தினதா?" என்று கேட்டார். அந்த மருந்தின் கதையைத் தேடிப் படித்தேன்.

அன்னாசி இயல்பாகப் பூப்பது, இரவு குளிர்ந்து பகல் குறுகும் பருவத்தில். அப்போதும் ஒரே தோட்டத்தில் ஒரு செடி முந்தும், இன்னொன்று பிந்தும். பத்துப் பழத்துக்காக யார் வண்டி பிடிப்பது?

இதற்கு விடை கிடைத்தது ஒரு தற்செயலில். 1874-ல் அசோர்ஸ் தீவில், அன்னாசி வளர்த்த கண்ணாடிக் கூடம் ஒன்றில் புகை சூழ்ந்துகொண்டது. செடிகள் போச்சு என்று நினைத்தால், எல்லாம் சேர்ந்து பூத்தன! பிறகு அங்கே வேண்டுமென்றே புகை போட ஆரம்பித்தார்கள். 1932-ல் போர்ட்டோ ரிக்கோவில் ரொட்ரிகஸ் என்ற ஆய்வாளர், புகையில் உள்ள எத்திலீன் வாயுதான் பூக்க வைக்கிறது என்று காட்டினார். இன்று கடையில் 'எத்ரல்' என்று விற்கும் எத்தெஃபான், செடிக்குள் போய் அதே வாயுவாகத்தான் உடைகிறது. யூரியா கலந்து, செடிக்கு சுமார் 50 மில்லி குருத்தில் ஊற்றுவார்கள். ஒன்றரை மாதத்துக்குள் பூ தெரியும்.

வேடிக்கை என்னன்னா, இதே எத்தெஃபானைப் பீச் மரத்தில் பிஞ்சு உதிர்க்கப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். பிஞ்சு குறைந்தால் மிச்சப் பழம் பெருக்கும் என்ற கணக்கு. ஆனால் வெயில் கூடினால் அளவுக்கு மேல் உதிர்ந்துவிடும். அதனால் பீச்சில் இன்னமும் கையால் பிஞ்சு கிள்ளுவதுதான் அதிகம்.

அன்னாசியில் ஆபத்து வேறு மாதிரி. பழத்தின் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ. செடி சுமார் 40 இலை விட்டபின் ஊற்றினால் கண் நிறைய, பழம் பெரிசு. அவசரப்பட்டு இளஞ்செடியில் ஊற்றினால் பழமும் சின்னதாகத்தான் வரும். அறுவடைக்கு முன் மறுபடி தெளித்தால் தோல் மஞ்சளாகும், ஆனால் இனிப்பு ஏறாது. மாம்பழத்துக்கு மாவுச்சத்து சேமிப்பு உண்டு, பறித்தபின்னும் இனிக்கும். அன்னாசிக்கு அது கிடையாது. இலை அனுப்பிய சர்க்கரைதான், பறித்தால் அதோடு சரி.

ஆக, சந்தையில் கேட்க வேண்டியது மருந்து ஊத்தினதா என்று இல்லை. மூத்த செடியில் ஊத்தினதா, பழம் முத்தினபிறகு பறிச்சதா என்றுதான். நேரத்தை மருந்து மாற்றும். இனிப்பு இலையின் கையில்.