டேக்ல தலைப்பு இல்ல, சரி. நம்பர் இருக்கே?

லைப்ரரி புத்தகத்தோட அட்டைக்கு உள்பக்கம் சதுரமா ஒரு ஸ்டிக்கர் பார்த்திருப்பீங்க. அதுதான் ஆர்எஃப்ஐடி டேக். பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்புற 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலேயே சக்தி எடுத்துக்கிட்டு தன் நம்பரைச் சொல்லும். 1998ல சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக் நூலகத்துல இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. கவுன்டர் கியூ குறையணும், அவ்வளவுதான் நோக்கம்.

அமெரிக்காவுல கதையே வேற. 2001ல வந்த பேட்ரியாட் சட்டத்தை வெச்சு, யார் என்ன படிச்சாங்கன்னு 2020 வரைக்கும் எஃப்பிஐயால நூலகத்துக்கிட்டயே கேட்க முடிஞ்சது. அந்த பயம் இருந்தப்போ புத்தகமே ரேடியோவுல பேசினா? "தலைப்பு இல்லையே, வெறும் நம்பர்தானே"ங்கறதுதான் வழக்கமான சமாதானம்.

2004ல பெர்க்லி பல்கலைக்கழகத்தோட டேவிட் மோல்னர், டேவிட் வாக்னர் ரெண்டு பேரும் அதை உடைச்சாங்க. லைப்ரரிக்குப் போய் ஒரு புத்தகத்தோட நம்பரை முன்னாடியே படிச்சு வெச்சுக்கிட்டா போதும். ரீடர் இருக்கற எந்த வாசலை அது கடந்தாலும் தெரிஞ்சிடும். டேட்டாவை என்க்ரிப்ட் பண்ணலாமேன்னு நம்ம இன்ஜினியர் மூளை கேட்கும். பல டேக் ஒரே நேரத்துல பேசினா குழம்பாம இருக்க, ஒவ்வொண்ணும் ஒரு அடையாள எண் சொல்லணும். அப்போதைய டேக்குகள் பலதுல அந்த எண் மாறவே மாறாது. என்னைப் பொறுத்தவரை இது பக் இல்ல, டிசைனே அப்படி.

தூரம் ரொம்ப கம்மிதான், ஒத்துக்கறேன். ஆனா பார்கோடைப் படிக்க புத்தகத்தை வெளியே எடுக்கணும். டேக்குக்கு அது பைக்குள்ளயே இருந்தா போதும்.