வேலியோரத்துக் கருங்கனி

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை அறியாத தமிழன்பர் இலர். அவன் பிரிந்திருந்த மனைவி கண்ணகியின் பொருட்டுக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் பரிந்து பாடியதும் புறநானூறு கற்றோர் அறிந்ததே. அவற்றுள் 145ஆம் பாட்டில் பரணர், தாம் பசித்து வரவில்லை என்கிறார். தாங்க வேண்டிய சுற்றமும் தமக்கில்லை என்கிறார். இன்றிரவே தேரேறிச் சென்று அவளுடைய துயரைக் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்று முடிக்கிறார். அவ்வேளை அவர் கையிலிருந்த சிறிய யாழின் கரிய தண்டுக்கு உவமையாய் நிற்பது களங்கனி.

பேகனுக்குரிய பொதினி இன்றைய பழனி. அது திண்டுக்கல் மாவட்டத்துள் அடங்கியது. அதனால் பரணர் இப்பக்கத்துக் களாவைக் கண்டே பாடினார் என்று சாதிக்க முனைவது மிகையாகும். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆயைப் பாடிய 127ஆம் பாட்டும் இதே உவமையோடுதான் தொடங்குகிறது. பாணரும் புலவரும் பொதுவாய்க் கையாண்ட வழக்கு அது என்று கொள்வதே தகும். ஒன்று மட்டும் உறுதி. விளக்கம் வேண்டாமல் கேட்போர் உடனே கண்டுகொள்ளும் பொருளாய்க் களங்கனி அன்று இருந்தது.

களா அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நஞ்சுடைய செடிகள் மலிந்த குடும்பம் அது. அதில் உண்ணத்தக்க கனி தருவது இச்செடி. வெள்ளைப் பூ மல்லிகையை நினைவூட்டும். காய் பச்சையாய் இருக்கையில் கிள்ளினால் பால் வடிந்து விரலிலும் உதட்டிலும் பிசினாய் ஒட்டும். பின் சிவந்து, முதிர்ந்து, செம்மை கலந்த கருமை எய்தும். அக்கருமை கரியின் கருமையன்று. எண்ணெய் தடவித் துடைத்தது போன்ற பளபளப்பு உடையது. பலகாலம் கைபட்டுத் தேய்ந்த யாழ்த்தண்டின் நிறமும் அத்தகையதே. ‘களா, ஒருவகை முட்செடி’ என்னும் அகராதிப் பொருளோடு நிற்பவருக்கு உவமையில் கருமை கிடைக்கும்; மெருகு கிடைக்காது.

பறித்து உண்ணும் காட்சியையும் புறநானூறு விட்டுவைக்கவில்லை. ஆவூர் மூலங்கிழார் மல்லிகிழான் காரியாதியைப் பாடிய 177ஆம் பாட்டில், காட்டகத்துச் சிற்றரண்களில் கள்ளுண்டு கண் சிவந்திருக்கும் வீரர் புளிப்பை நாடுகின்றனர். களாவையும் துடரியையும் தின்கின்றனர். அவை தெவிட்டியதும், ஆற்றங்கரை மணல்மேட்டில் ஏறி அமர்ந்து நாவலின் கருங்கனியைக் கொய்து உண்கின்றனர். கள்ளுக்குப்பின் புளிப்பு, புளிப்புக்குப்பின் துவர்ப்பு கலந்த இனிப்பு என்று நாவின் வேட்கையை இவ்வளவு நுட்பமாய் வரிசைப்படுத்திய புலவர், பறித்துத் தின்று பழகியவராகவே இருக்க வேண்டும். துடரி என்பதும் முட்செடியே. மிளகினும் சற்றுப் பெரிய கனி உடையது.

களா ஓர் அரசனின் தலையிலும் ஏறியிருக்கிறது. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துக்குரியவன் களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல். பாடியவர் காப்பியாற்றுக் காப்பியனார். முடிசூடும் வேளையில் ஏதோ காரணத்தால் உரிய கண்ணியும் முடியும் வாய்க்காமற்போகவே, களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் செய்துகொள்ளப்பட்டன என்று பழைய உரை கூறுகிறது. அக்காரணம் யாது என்பதை உரையாசிரியர் சொல்லவில்லை. பொன்முடி கிட்டாதபோது எட்டிய கைக்கு அகப்பட்டது வேலிச்செடி. நன்னனை வாகைப்பெருந்துறையில் வென்ற பின்னரும் அப்பெயர் அவனை விட்டு நீங்கவில்லை, பெருமையாகவே நிலைத்தது. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இலும் பதிற்றுப்பத்தை 1904இலும் பதிப்பித்த காலத்தில், இந்நூல்களைக் கையிலெடுத்த சிற்றூர் வாசகருக்குக் களா இன்னதென்று சொல்ல வேண்டியிருந்திராது.

இனி, வேலியின் வரலாறு. 177ஆம் பாட்டில் அரணும் களாவும் அருகருகே வருவது தற்செயலன்று. காட்டையும் அரண் என்று எண்ணியவர் வள்ளுவர். பாளையக்காரர் காலத்திலும் மண்கோட்டைக்கு வெளியே முள்வேலியே முதற்காவல். 1755இல் கர்னல் ஹெரோனின் கும்பினிப்படை நத்தம் கணவாயில் கள்ளர் கையில் பேரிழப்புக்கு உள்ளானபோது, தாக்கியோர்க்குத் துணைநின்றது கணவாயின் அடர்காடே. வடபுலத்தில் உப்புவரி ஏய்ப்பைத் தடுக்கக் கும்பினியார் தொடங்கி, பின்னர் ஆங்கில அரசு நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு வளர்த்த உயிர்வேலியில் இலந்தை, கருவேல், கள்ளிகளோடு களாவும் நடப்பட்டது. அதை ஊக்கத்தோடு வளர்த்த சுங்க ஆணையர் ஹியூம்தான் 1885இல் காங்கிரஸ் தோன்றக் காரணமானவர். 1879இல் அச்சுங்க எல்லை கைவிடப்பட்டது. உப்புக்கு வரிகட்டிய ஏழைகள் அவ்வேலியிற் பழம் பறித்தார்களா என்பதை எந்த அறிக்கையும் பேசவில்லை.

திண்டுக்கல் சமவெளியின் வேலிகள் இத்துணை ஆரவாரம் உடையவை அல்ல. கிணற்றுத் தோட்டத்தை ஆட்டிடமிருந்து காக்கக் களா, காரை, கிளுவை, சூரை என்று கிடைத்ததை வளரவிட்டார்கள். தோட்டம் ஒருவர்க்கு உரியது. வேலிப் பழமோ வழிப்போக்கர்க்கும் மாடு மேய்க்கும் சிறுவர்க்கும் உரியது. இங்கிலாந்தின் சாலையோரப் புதர்வேலிகளில் ஏழையர் பிளாக்பெரி பறிப்பதும் இத்தகைய வழக்கே. கவைமுள்ளுக்கு அஞ்சிக் கிளையைக் கோலால் வளைத்துப் பிடித்துப் பறிக்க வேண்டும்.

அவ்வேலிகளுக்குப் போட்டியாய் அயல்நாட்டு முட்கள் வந்தன. அமெரிக்கக் கண்டத்துச் சப்பாத்திக்கள்ளி தென்னாடெங்கும் மண்டி, 1926இல் இலங்கை வழியே வரவழைத்த ஒரு பூச்சியால் அடங்கியது. அதன் செங்கனியையாவது சிறுவர் முள் நீக்கித் தின்றனர். பின்வந்த சீமைக்கருவேல் அதுவும் தரவில்லை. ‘வேலிக்காத்தான்’ என்று மக்கள் அதற்கு இட்ட பெயரில் நன்றி இருக்கிறது. விறகும் கரியும் தந்த மரமல்லவா! ஆயினும் ஆடுமாடுகள் நெற்றைத் தின்று விதையைப் பரப்ப, வேலியைக் காக்க வந்தது வேலியையே விழுங்கியது. எஞ்சிய இடத்தில் கற்காலும் கம்பியும் நிற்கின்றன. கம்பி காய்ப்பதில்லை.

களாவின் பயன் மட்டும் அடுக்களையில் தப்பிப் பிழைத்திருக்கிறது. காயை உப்புநீரில் அலசிப் பால் போக்கி, பிளந்து விதை நீக்கி, மிளகாய்ப்பொடியும் பெருங்காயமும் சேர்த்துத் தாளித்தால் ஊறுகாய். மற்றொரு பயனைப் பலர் அறியார். ரொட்டிக் கடைகளில் கேக்கின் உச்சியில் செர்ரி என்று வைக்கப்படும் செம்மணி பெரும்பாலும் செர்ரியன்று. விதை நீக்கிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயமேற்றிய களாக்காய். யாழுக்குக் கருமை தந்த கனி, கறுக்குமுன்பே பறிக்கப்பட்டு வேறொரு பழத்தின் பெயரால் விற்கப்படுகிறது.

அதற்கு உதவுவது பெருங்களா. நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கும், வீட்டுத் தோட்டத்திலும் வளரும். சிறுகளாவை எவரும் நடுவதில்லை. பறவை தின்று எச்சமிட்ட இடத்தில் முளைப்பது அது. சிறுமலை அடிவாரத்துக் கல்லாங்காட்டிலும், நத்தம் சாலையை ஒட்டிய குன்றுச் சரிவுகளிலும், சீமைக்கருவேல் இன்னும் நெருங்காத இடங்களில் அதைத் தேட வேண்டும்.