முத்துக்குளிப்போரின் கயிறும் வாரும்

முக்குளிப்பவரின் உடலோடு எடையையும் பையையும் காற்றையும் பிணைத்து வைப்பவை கயிறு, கச்சை, வார் ஆகியன. முத்துக்குளிப்பு வரலாற்றில் இவை அதிகம் பேசப்படுவதில்லை. முத்தின் விலையும் ஏலமும் வரிப்பங்கும் பற்றிய பதிவுகள் ஏராளம். கடலுக்குள் இறங்கியவர் எதை எங்கே கட்டிக்கொண்டார் என்பதைப் பயணிகளின் குறிப்புகளிலிருந்தே திரட்ட வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை தூத்துக்குடிக் கடற்கரையையும் அதன் எதிர்க்கரையான இலங்கையின் மன்னார்ப் பகுதியையும் கொண்டு அந்தக் கட்டுமுறையின் மாற்றத்தைக் கூறுகிறது.

களம்

எட்டயபுரம் கரிசல் நிலம். அங்கிருந்து கடல் தெரியாது. ஆனால் அந்த வட்டாரத்துப் பருத்தி கப்பலேறியதும் தூத்துக்குடித் துறைமுகத்தில்தான், முத்துச்சிப்பி கரையேறியதும் அங்கேதான். அதற்கு முன் கொற்கை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயக் கடற்பயணக் குறிப்பு' என்னும் கிரேக்க நூல் கொற்கை முத்துக்குளிப்பைச் சொல்கிறது. குற்றவாளிகளைக் கொண்டு அது நடத்தப்பட்டதாகவும் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவும் இதை விவரித்துள்ளார். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் என்று மேற்பார்வை கைமாறியது. குளித்தவர்களில் பெரும்பாலோர் பரதவரும் கடற்கரை முஸ்லிம்களுமாகவே இருந்தனர். ஆட்சி மாறியபோதும் கல்லும் கயிறும் மாறவில்லை.

சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தோலாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. பார்களின் ஆழம் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் வரை. ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர். இந்த ஆழத்துக்கு நீந்தி இறங்கினால் மூச்சின் பெரும்பகுதி வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே இறங்குவதற்கு எடை தேவைப்பட்டது.

காலில் கட்டிய கல், வயிற்றில் கட்டிய கல்

1803இல் வெளியான இலங்கை பற்றிய நூலில் ராபர்ட் பெர்சிவல் இரு முறைகளைக் குறிப்பிடுகிறார். பொதுவான முறையில் கல் தனிக் கயிற்றில் தொங்கும். குளிப்பவர் வலக்கால் விரல்களால் அந்தக் கயிற்றைப் பற்றிக்கொள்வார். இடக்கால் விரல்கள் வலைப்பையைப் பிடித்திருக்கும். ஒரு கையில் இன்னொரு கயிறு, மறு கையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அடியைத் தொட்டதும் காலை விடுவித்து, பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிப்பி பொறுக்குவார். மேலே இருப்பவர்கள் கல்லை உடனே இழுத்துக்கொள்வர். அரபு நாட்டுக் குளியாட்கள் மூக்குக்குக் கொம்பாலான கவ்வியை மாட்டிக்கொண்டனர். தமிழ்க் குளியாட்கள் விரலையே நம்பினர். அதனால் இறங்கும்போது ஒரு கை எப்போதும் பயனற்றுப் போனது.

இரண்டாவது முறையைச் சிலரே கையாண்டனர். பிறை வடிவக் கல்லை வயிற்றோடு கட்டிக்கொண்டு, கால்களைச் சுதந்திரமாக வைத்துக்கொண்டனர். இன்றைய முக்குளிப்போர் இடுப்பில் அணியும் ஈயக் கச்சையின் முன்னோடி என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் இதைச் சிலரே ஏன் தேர்ந்தனர்? காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. காலில் உள்ள கல்லை விட ஒரு நொடி போதும். விரலைத் தளர்த்தினால் முடிந்தது. வயிற்றில் இறுகிய முடிச்சு, நனைந்தபின் அவசரத்தில் அவிழாது. வசதியா, விரைந்து விடுபடுதலா என்னும் கேள்வி அன்றே எழுந்துவிட்டது. பெரும்பாலோரின் விடை இரண்டாவதாகவே இருந்தது.

கயிறு பிடித்தவர்

கையிலிருந்த இரண்டாவது கயிற்றின் மறுமுனை படகில் ஒருவரிடம் இருக்கும். ஆங்கிலேயர் குறிப்புகளில் இவர் 'மண்டக்' எனப்படுகிறார். ஒரு கல்லுக்கு இருவர் என்ற கணக்கில் முறை மாற்றிக் குளிப்பதும் வழக்கம். ஒருவர் இறங்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். மூச்சு முட்டும் நேரத்தில் கீழிருந்து கயிறு சுண்டப்படும். மேலிருப்பவர் ஆளையும் பையையும் விரைவாக இழுப்பார். ஒரு முறை நீருக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு நிமிட அளவுதான். நான்கைந்து நிமிடம் இருந்ததாக வரும் கதைகளை நம்பவேண்டியதில்லை.

கயிற்றை மைத்துனனிடமே கொடுப்பார்கள் என்று தமிழ்நாட்டில் பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. கை தவறினால் தாலி இழப்பது அவனுடைய உடன்பிறந்தவள் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். எல்லாப் படகிலும் அப்படியே நடந்தது என்று கொள்ள முடியாது. ஆயினும் உயிர் எந்த முனையில் இருந்தது என்பதை அந்த வழக்கு சரியாகவே காட்டுகிறது. சுறா பயத்துக்குக் 'கடற்கட்டி' எனப்பட்ட மந்திரக்காரர்கள் இருந்தார்கள். மூச்சுக்குக் கயிறு பிடித்தவர் மட்டுமே இருந்தார்.

காற்று முதுகுக்கு வந்தது

19ஆம் நூற்றாண்டில் அகஸ்டஸ் சீபே வடிவமைத்த உலோகத் தலைமூடி உடை, ஆஸ்திரேலியாவின் புரூம் போன்ற இடங்களில் முத்துச்சிப்பித் தொழிலின் அடையாளமானது. மார்பிலும் முதுகிலும் ஈயம், காலில் எடைமிக்க காலணி, மேலிருந்து குழாயில் காற்று. தமிழ்க் கரையின் முத்துத்தொழில் அந்த வழியில் செல்லவில்லை. ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் ஒன்றாக இறங்கும் தொழிலுக்கு அந்த உடை விலையிலும் வேகத்திலும் பொருந்தாது.

1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞானும் உருவாக்கிய 'அக்குவாலங்' கருவியே பெரிய மாற்றம். அழுத்திய காற்று நிரம்பிய உருளை முதுகில் ஏறியது. அதைத் தாங்க, தோளிலும் இடுப்பிலும் வார்கள் வந்தன. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த தொடர் முத்துக்குளிப்பே பழைய முறையின் கடைசிப் பெரும் பருவம். அதற்குப் பின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் ஆகியோர் தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள கடலடியை நீருக்குள்ளிருந்தே ஆராய்ந்து 1960களில் கட்டுரைகள் வெளியிட்டனர். 1973இல் அதே நிலையத்தில் கே. அழகர்சாமி குழுவினர் சிப்பியில் முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டனர்.

முத்துக்குளிப்பு நின்றாலும் சங்குகுளிப்பு நிற்கவில்லை. இன்று தூத்துக்குடிச் சங்குகுளியாட்கள் உருளையுடன் இறங்குகின்றனர். செய்தித்தாள்கள் அதை 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று எழுதுவது பிழை. உள்ளே இருப்பது சாதாரணக் காற்று. தூய ஆக்சிஜனைப் பார்களின் ஆழத்தில் சுவாசித்தால் வலிப்பு வரக்கூடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய குளிகல்லின் எடை சுமார் 15 கிலோ. இன்றைய உருளையின் எடையும் கரையில் அதே அளவுதான். ஆனால் கல் கீழே விடப்பட்டது. உருளையோ இறங்கும்போதும் வேலை செய்யும்போதும் ஏறும்போதும் உடலோடு இருக்கிறது. கயிறு பிடித்தவரின் பொறுப்பும் வாரணிந்தவரிடமே வந்துவிட்டது. இன்னொரு மாற்றம் இதைவிடக் கடுமையானது. மூச்சடக்கி இறங்கியவரை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் பெரும்பாலும் நன்மையே. பசிபிக்கின் துவாமோட்டுத் தீவுகளில் நாள் முழுதும் திரும்பத் திரும்ப ஆழமாகக் குளித்தவர்களுக்குத் 'தரவானா' என்னும் நோய் வந்ததுண்டு என்றாலும், அது விதிவிலக்கு. ஆழத்தில் அழுத்திய காற்றைச் சுவாசித்தவரை அப்படி இழுத்தால், குருதியில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டுவலியும் முடக்கமும் வரலாம். மூச்சை அடக்கியிருந்தால் நுரையீரலே கிழியலாம். நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்று இன்று கற்பிக்கிறார்கள். தாத்தாவைக் காப்பாற்றிய இழுப்பு பேரனை முடமாக்கக்கூடும்.

வாரைத் தேர்தலும் பொருத்தலும்

தொடக்ககால வார்கள் பருத்திப் பட்டையாலானவை. பின்னர் நைலான் வந்தது. முதுகுக்கும் உருளைக்கும் இடையே தகடு வைப்பதும், அதன்பின் காற்றூதி மிதப்பைச் சரிசெய்யும் சட்டை அணிவதும் அடுத்தடுத்த படிகள். இப்போது இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உலோகத் தகட்டில் ஒரே நீளப் பட்டையைக் கோத்து உடலுக்கு ஏற்ப அளந்து கட்டுவது. ஒருமுறை சரியாக அமைந்தால் பிறகு தொடவேண்டாம், ஆனால் வேறொருவர் அணிய முடியாது. மற்றது, தோளில் இறுக்கவும் தளர்த்தவும் கொக்கிகள் கொண்ட ஆயத்தச் சட்டை. ஒரே சாதனத்தைப் பலர் மாற்றி அணியும் படகில் இதுவே வசதி. கடற்கரைத் தொழிலாளிக்கு இந்தப் பகிர்வே முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

எதுவாயினும் பொருத்தும் முறை ஒன்றே. எடை இடுப்பெலும்பில் அமரவேண்டும்; தோள்வார் அதை நிலைநிறுத்த மட்டுமே. தோள்வாருக்குள் இரு விரல் தாராளமாகச் செல்லவேண்டும். இல்லையெனில் கரையில் இதமாக இருப்பது நீருக்குள் மார்பை இறுக்கி மூச்சைக் குறைக்கும். தலையை நிமிர்த்தினால் உருளையின் வால்வு பின்மண்டையில் இடிக்கக்கூடாது. தலைகீழாகச் சாய்ந்து சங்கு தேடுபவருக்கு உருளை கழுத்தை நோக்கி நழுவும். கவட்டு வார் அதைத் தடுக்கும். ஈயக் கச்சையை எல்லா வார்களுக்கும் மேலாக, ஒரே இழுப்பில் கழன்று விழும்படி அணியவேண்டும். கவட்டு வாருக்குள் அது சிக்கினால், வயிற்றில் கல் கட்டியவரின் பழைய இக்கட்டு திரும்பிவரும்.

மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் பலர் ரப்பர் உடை இன்றி, மெல்லிய பனியனோடு இறங்குவதுண்டு. உப்புப் படிந்த பட்டை அக்குளிலும் கழுத்தோரத்திலும் உராய்ந்து புண்ணாக்கும். நாள்தோறும் நல்ல தண்ணீரில் அலசுவது இதனால்தான். உருளையை இறுக்கும் பட்டையை முதலில் நனைத்துவிட்டுத்தான் இறுக்கவேண்டும். உலர்ந்த நைலான் நனைந்தபின் சற்று நீளும். படகில் கெட்டியாக இருந்த உருளை 10 பாக ஆழத்தில் நழுவத் தொடங்கும். இறங்குமுன் துணையாள் ஒருவர் பின்னால் நின்று உருளையைத் தூக்கி அசைத்துப் பார்ப்பார். பட்டை வழுகினால் அவிழ்த்து, நனைத்து, மறுபடி இறுக்குவார்கள்.